அவரிடம் மிஞ்சிய ஒரு சொல்

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் 'ரிஸ்யூம்' என்ற வினைச்சொல் வரும். மழை நின்ற பிறகு ஆட்டம் தொடர்ந்தது என்கிற மாதிரி ஒரு வாக்கியம். நெய்வேலியில் அந்தச் சொல்லுக்கு நான் பொருள் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "தெரியும் மிஸ், எங்கப்பா திங்கட்கிழமை ரிஸ்யூம் பண்றார்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பள்ளிக்கூடம் காணாத காய்காரம்மாவுக்கும் எங்கள் ஊரில் அது தெரியும். ஸ்பெல்லிங் தெரியாது, கிராமர் தெரியாது, ரிஸ்யூம் தெரியும். லீவு முடிந்து டூட்டிக்குத் திரும்பினால் ரிஸ்யூம். கல்யாணம், காய்ச்சல், சாவு, பிரசவம் எதுவாக இருந்தாலும் அதன் மறுகரையில் இந்த ஒரு சொல்தான் நிற்கும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு முதலில் கேட்பது "எப்ப ரிஸ்யூம்?" என்றுதான். உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்.

நான் தெற்கே விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஆங்கிலம் படித்துவிட்டு வந்த எனக்கு இவர்கள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பண்ணுகிற அலட்டல் சிரிப்பாக இருந்தது. தொடங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் மிஸ் என்று ஒரு வருடம் ஒரு பெண் கேட்டாள். எதையும் எங்கேயும் தொடங்கலாம், அதற்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் ரிஸ்யூம் பண்ண வேண்டுமென்றால் விட்டுப்போன இடம் அப்படியே உனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு பெருமை. வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் சொன்னேன். அவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "இதைச் சொல்றதுக்கு எம்.ஏ. படிக்கணுமா?" என்றார்.

அவருக்கு அந்தச் சொல்தான் தொழில். சுரங்கத்தில் கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் இருந்தார். கீழே இயந்திரம் வெட்டுகிற மண்ணும் நிலக்கரியும் ஊர் நீளத்துக்கு ஓடுகிற ரப்பர் பெல்ட்டில் ஏறி வெளியே வரும். பெல்ட் எதற்காவது அடிக்கடி நின்றுவிடும். கல் சிக்கினால் நிற்கும், மழை பெய்தால் நிற்கும், கிழிந்தால் நிற்கும். சரியானதும் முதலில் சங்கு ஊதுவார்கள், பெல்ட் பக்கத்தில் இருக்கிற ஆட்கள் விலகிக்கொள்ள. அதற்குப் பிறகு கன்ட்ரோல் ரூமிலிருந்து மைக்கில் ஒரு குரல், "லைன் ரிஸ்யூம்" என்று சொல்லும். அந்தக் குரல் இவருடையது. புயல் வந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன வருஷம், எல்லாம் அடங்கி முதல் லைன் ஓடியபோதும் இவர்தான் மைக்கில் இருந்தார். அதைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கேட்கக் கூடாது.

வீட்டிலும் அதே சொல்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் கிடையாது. நான் கோபித்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சமையலறைக் கதவருகில் வந்து நின்று, வாயாலேயே சங்கு ஊதிவிட்டு, "லைன் ரிஸ்யூம்" என்பார். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவு பல்லைக் கடித்தாலும் சிரித்துத் தொலைத்துவிடுவேன். அப்புறம் காபி போடுவேன்.

அந்தப் புயலுக்குச் சில வருஷம் கழித்து, ஒரு நாள் விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. டவுன்ஷிப் ஆஸ்பத்திரி, அங்கிருந்து புதுச்சேரி, மறுபடி டவுன்ஷிப். வார்டில் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்ப்பார், புரிந்துகொள்வார், வாய் மட்டும் திறக்காது. நான் ஒவ்வொரு நாளும் 'அ' சொல்லிக் கொடுத்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறவள், ஒரு 'அ' வாங்க முடியவில்லை.

பிறகு ஒரு காலையில், இட்லியை ஊட்டிக்கொண்டிருக்கும்போது, தெளிவாக, முன்பு இருந்த அதே குரலில், "ரிஸ்யூம்" என்றார்.

நான் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கைதட்டினார்கள். அன்று மாலை பிளாக் முழுக்கச் செய்தி. "சார் பேசிட்டாரு, ரிஸ்யூம் பண்றேன்னு சொல்லிட்டாரு." நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் புரிந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அவர் அதைத்தான் சொன்னார். வலித்தாலும் அதுதான், மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றாலும் அதுதான். மற்ற எல்லாச் சொல்லும் போய்விட்டது, என் பெயர் உட்பட. இப்படிச் சிலருக்கு ஒரே சொல் மிஞ்சும், அதிகம் சொன்ன சொல்லாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாழ்நாளில் என்னை அதிகம் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம் வந்தது. அது என்ன நியாயமோ தெரியாது, ஆனால் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை நான் புதிதாகப் படித்தேன். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் பாத்ரூம். மெதுவாக, மூச்சோடு வந்தால் தோள் வலிக்கிறது. ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு. என்னைப் பார்த்து ஒன்றுமே வேண்டாதபோது சொல்வதும் ஒன்று உண்டு, அதை எழுத மாட்டேன். நாளெல்லாம் இந்த ஒரே சொல் காதில் விழுந்து விழுந்து சில நேரம் எரிச்சல் மண்டும். "வேற ஏதாவது சொல்லித் தொலைங்களேன்" என்று கத்தியிருக்கிறேன். அதற்கும் பதில் அதுவே.

ஆனால் விடியற்காலையில் அவர் அதைச் சொல்லும்போது அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். முதல் ஷிப்ட் பஸ் எங்கள் பிளாக் முனையில் வந்து நிற்கும் நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வார். இடது கையில் கோலை ஊன்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து கேட் வரைக்கும் வந்து நிற்பார். காக்கிச் சட்டை போட்டுவிடச் சொல்லிக் காட்டுவார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் கையசைப்பார்கள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரிஸ்யூம்" என்பார். போகணும். அவ்வளவுதான் அவர் கேட்டது. மறுபடி ஒரு தடவை அந்த அறைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கணும்.

நடக்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். மெடிக்கல் போர்டு கூடும்போது அன்ஃபிட் என்றுதான் வரும், நீங்கள் மெதுவாக அவருக்குச் சொல்லி வையுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

ஷிப்ட் பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் யாருக்கும் எண் போட்டு சீட்டு கொடுப்பதில்லை. ஆனால் வருஷக்கணக்காக ஒருவர் உட்கார்ந்த இடம் அவருடையது. அவர் மெடிக்கல் லீவில் போனால் அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்து சீட்காரர் தன் டிபன் பையை அங்கே வைத்துக்கொண்டு வருவார். நிற்கிறவர்கள் நின்றுகொண்டேதான் போவார்கள். ஆள் ரிஸ்யூம் பண்ணுகிற அன்று பை மடிக்கு வரும். இதற்கு எந்த உத்தரவும் கிடையாது, யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது.

இவருடைய பக்கத்து சீட்காரர் குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர், பெல்ட் மெயின்டனன்ஸில் இருந்தார். அடுத்த தெருவில் குவார்ட்டர்ஸ். வாரம் தவறாமல் வந்து கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு ஷிப்டில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பார். எழுந்து போகும்போது மட்டும் குரலை உயர்த்திச் சொல்வார்: "அண்ணே, சீட்டு அப்டியே இருக்குது. பைய வெச்சிகினுதான் வர்றேன். நேத்துகூட ஒருத்தன் ஒக்காரப் பாத்தான். ஆளு வருதுடா, எழுந்திருன்னு சொல்லிட்டேன்." இவர் முகம் மலரும். வாய் ஒரு பக்கமாகக் கோணும், அதுதான் இப்போது சிரிப்பு.

ஒரு நாள் பக்கத்து சீட்காரர் போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணன வூட்டுலயே வெச்சிகினு இருந்தா வாயி வராதுங்க. அந்த ரூமுல கொண்டு போயி ஒக்கார வெச்சி, மைக்க கையில குடுத்தம்னு வைங்க, தானா வந்துரும். ஆயுத பூஜ வருது இல்ல? அன்னிக்கு ஃபேமிலிய உள்ள உடுவாங்க. நாங்க தூக்கிகினு போறம். ஷிப்டே பேசி வெச்சிருக்கு."

வேலை பார்த்த இடத்துக்குப் போனால் உடம்பு சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரில்தான் இருப்பார்கள். நியாயமாக நான் அதை மறுத்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். போர்டு பூஜை முடிந்து கூடப்போகிறது என்றும் தெரியும். ஆனால் நானும் இந்த ஊர்க்காரியாக ஆகிவிட்டிருந்தேன். ஒருவேளை வந்துவிட்டால், போர்டுக்கு முன்னால் ஒரு சொல், இரண்டு சொல், என் பெயர்? "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் அவருக்கு ஷேவ் செய்துவிட்டேன். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். பஸ் பிளாக் முனையில் நிற்காமல் எங்கள் கேட்டுக்கே வந்தது. ரேடியேட்டரில் மாலை, கண்ணாடியில் சந்தனம். இரண்டு பேர் அவரை ஏந்தி ஏற்றினார்கள். பக்கத்து சீட்காரர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸே கைதட்டியது. இவர் தன் இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: "ரிஸ்யூம்." நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கன்ட்ரோல் ரூமில் பொத்தான்கள் இருக்கிற பெட்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம். பூஜைக்காக லைனை நிறுத்தியிருந்தார்கள். கற்பூரம் காட்டி, வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். அவரை அவருடைய பழைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இப்போது அதில் உட்காருகிற புது ஷிப்ட் இன்சார்ஜ் சின்ன வயசு, மரியாதை தெரிந்த பையன். அவனே மைக்கை எடுத்து இவருடைய இடது கையில் கொடுத்தான்.

"சார், இன்னிக்கு லைன நீங்கதான் சார் எடுத்துக் குடுக்கணும்."

சங்கு ஊதினார்கள். தூரத்தில் பெல்ட் முழுவதும் ஆட்கள் விலகி நின்றுகொண்டு அந்த ஒரு குரலுக்காகக் காத்திருந்தார்கள். அறையில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. நான் பொரித் தட்டோடு சுவரோரமாக நின்றேன். எனக்குப் பயமே இல்லை. அவருக்கு ஒரு சொல்தான் தெரியும், அந்த ஒரு சொல்தான் இங்கே வேண்டும். தப்பாகப் போக வழியே இல்லை.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. சொல் வரவில்லை.

மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீருக்கு வந்த சொல், பாத்ரூமுக்கு வந்த சொல், துணியை எடு என்று சொல்ல வந்த சொல், அதற்குச் சொந்தமான இடத்தில் வரவில்லை. "சொல்லுங்க அண்ணே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஸ்பீக்கரில் கீழே இருந்து ஒரு குரல், "கன்ட்ரோல், என்னாச்சு, எடுக்கலாமா?" என்று கேட்டது. பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியில் எரிகிற விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கைத் திருப்பி அந்தப் பையனிடம் நீட்டினார். அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவர் விடவில்லை, அவன் கையில் வைத்து அழுத்தினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடைந்த குரலில், "லைன் ரிஸ்யூம்" என்றான்.

பெல்ட் ஓடியது. ஒவ்வொரு விளக்காகப் பச்சைக்கு மாறுவதை அவர் முழுவதும் பார்த்தார். கடைசி விளக்கும் மாறியதும் சரி என்று தலையை ஆட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

திரும்பும்போது அவர் தன் சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். ஏந்தியவர்களைக் கோலால் தள்ளி, முன்னால் என் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் காட்டினார். நின்றுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, போய் அங்கே உட்கார் என்று கையை நீட்டினார். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர நகரவில்லை. பக்கத்து சீட்காரர் பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் காலி இடத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

தண்ணீருக்குக் கையைக் காட்டுவார். வலித்தால் கண்ணை மூடிக்கொள்வார். விடியற்காலையில் விழித்துக்கொள்வார், கேட்டுக்கு வர மாட்டார். பஸ் சத்தம் போகும் வரைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். போர்டு கூடி, எதிர்பார்த்ததே வந்தது; குவார்ட்டர்ஸ், கம்பெனிப் பள்ளி டீச்சர் என்கிற முறையில், என் பேருக்கு மாறியது. நான் பயந்து பயந்து போய்ச் சொன்னபோது, அது என்றோ முடிந்துபோன செய்தி மாதிரிக் கேட்டுக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

வீடு அமைதியாகிவிட்டது. காது புளித்துப்போன அந்தச் சொல்லுக்காக நான் ஏங்கினேன். டிவியில் யாராவது அதைச் சொன்னால்கூடத் திரும்பிப் பார்ப்பேன். ஒரு தடவை சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை என்று காலைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். ஒரு சாயங்காலம் வேண்டுமென்றே சண்டை போட்டேன். மாத்திரை போட மாட்டேன் என்கிறார் என்று பெரிதாகக் கத்திவிட்டு, பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். காத்திருந்தேன். கோல் தரையில் படுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, சமையலறைக் கதவு வரைக்கும் வந்தார். என் முதுகுக்குப் பின்னால் அவருடைய மூச்சு கேட்டது. எவ்வளவோ நேரம். கடைசியில் என்னாலேயே பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்து, "லைன் ரிஸ்யூம்" என்று நானே சொன்னேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். கோபமாக இல்லை. ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, இல்லை.

பக்கத்து சீட்காரர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. ஆர்டர் வந்த பிறகும் பையை அங்கேயே வைத்துக்கொண்டு போனார். முறைப்படி பார்த்தால் அந்த இடம் அப்போதே வேறொருவருக்குப் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் யாரோ அதைக் கேட்டும் விட்டார்களாம். "அண்ணன் உட்டாலும் நான் உட மாட்டேங்க" என்று என்னிடம் வாசலில் வைத்துச் சொன்னார். "ஆளு உசுரோட இருக்கசொல்ல எப்டிங்க எடுக்கறது?" உள்ளே இவருக்கு அது கேட்டிருக்கும். பக்கத்து சீட்காரர் பையை அங்கே வைத்தபடியே வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு நாள் காலைக் காபி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முதல் ஷிப்ட் பஸ் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

எல்லோரும் வந்தார்கள். ஊரே வந்தது. எங்கள் தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "காரியம் எல்லாம் முடியட்டும், மெதுவா ரிஸ்யூம் பண்ணுங்க, அவசரமில்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எதை ரிஸ்யூம் பண்ணுவது என்று அவரை உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. விட்ட இடத்தில் என்ன இருக்கிறது எனக்கு? தலையை ஆட்டி வைத்தேன்.

பக்கத்து சீட்காரர் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வாசலில் நின்றார்.  உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அதனால் எப்படி விடை சொல்வது என்று தடுமாறினார்.

"அண்ணி, நாளைக்கு நமக்கு ஃபஸ்ட் ஷிப்டு" என்றார். பிறகு ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே பைய மடியிலதான் வெச்சிக்கணும்" என்று சொல்லிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் நடந்துபோனார்.